மார்கோ மட்டராஸி: பெர்லின் முதல் சென்னை வரை

2006 உலகக் கோப்பை கால்பந்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு காட்சிதான். மொட்டைத் தலையுடன் ஒரு பிரான்சு வீரர் திரும்பி வருகிறார். எதிரே நிற்கும் இத்தாலி வீரரின் நெஞ்சில் தலையால் முட்டுகிறார். அவர் மல்லாந்து விழுகிறார். முட்டியவர் ஜினடின் ஜிடேன் என்பது எல்லோருக்கும் தெரியும். முட்டு வாங்கியவர் யார் என்று கேட்டால், "ஏதோ கெட்ட வார்த்தை பேசினாரே, அவர்" என்ற பதில்தான் அநேகமாக வரும்.

அவர் பெயர் மார்கோ மட்டராஸி. அந்த இறுதி ஆட்டத்தில் இத்தாலி அடித்த ஒரே கோல் அவருடையது. அதே மனிதர் எட்டு ஆண்டுகள் கழித்து நம் சென்னைக்கு வந்து, மூன்று பருவங்கள் இங்கேயே பயிற்சியாளராக இருந்தார் என்பதும், சென்னைக்கு ஒரு கோப்பையை வென்று கொடுத்தார் என்பதும் பலருக்குத் தெரியாது. ஒரு நொடிக் காட்சியை வைத்து ஒரு மனிதரின் இருபது வருட உழைப்பை எடை போடலாமா? அவருடைய கதையை முதலில் இருந்து பார்ப்போம்.

தாழ்ப்பாள் போட்ட நாடு

இத்தாலியக் கால்பந்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மற்ற நாடுகள் கோல் அடிப்பவர்களைக் கொண்டாடும். இத்தாலி கோலைத் தடுப்பவர்களையும் சேர்த்துக் கொண்டாடும். அவர்களுடைய பழைய ஆட்டமுறைக்கு 'கத்தனாச்சியோ' என்று பெயர். கதவுக்குப் போடும் தாழ்ப்பாள் என்று அர்த்தம். பரேசி, மால்தினி, நெஸ்டா, கன்னவாரோ என்று பெரிய தடுப்பாட்டக்காரர்கள் அங்கே வரிசையாக வந்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில் பின்களத்தில் இடம் பிடிப்பது சாதாரண விஷயம் அல்ல.

மட்டராஸி 1973 ஆகஸ்ட் 19 அன்று தெற்கு இத்தாலியின் லெச்சே நகரில் பிறந்தார். தந்தை ஜூசெப்பே மட்டராஸியும் கால்பந்து வீரர். பிறகு லாசியோ உள்ளிட்ட அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். தந்தை வேலை மாறும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாற வேண்டியிருந்தது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கீழிருந்து ஏறியவர்

பெரிய பயிற்சியாளரின் மகன் என்பதால் பெரிய கிளப் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. கன்னவாரோவும் நெஸ்டாவும் இளம் வயதிலேயே முதல் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மட்டராஸியோ 20 வயதில் சிசிலித் தீவில் மார்சாலா, டிராபானி என்ற சிறிய அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார். 1995-ல் பெருஜியா அணி அவரை எடுத்தது. அங்கும் நிலைக்கவில்லை. ஒரு பருவம் கார்ப்பி அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டார்.

1998-ல் இங்கிலாந்தின் எவர்டன் கிளப்புக்குப் போனார். அங்கே ஒரே ஒரு பருவம்தான். நல்ல ஆட்டமும் ஆடினார். சிவப்பு அட்டைகளும் வாங்கினார். 6 அடி 4 அங்குல உயரம், யாருக்கும் அஞ்சாத முரட்டு ஆட்டம், சட்டென்று வரும் கோபம். இந்த மூன்றும் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. முதல் இரண்டு குணங்கள் அவரை உயர்த்தின. மூன்றாவது குணம் அடிக்கடி கீழே இழுத்தது.

1999-ல் மீண்டும் பெருஜியா. அங்கேதான் திருப்பம் வந்தது. 2000-01 பருவத்தில் இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆ போட்டியில் 12 கோல்கள் அடித்தார். ஒரே பருவத்தில் அதிக கோல் அடித்த தடுப்பாட்டக்காரர் என்ற பெருமை அதுவரை அர்ஜென்டினாவின் டேனியல் பசரெல்லாவிடம் இருந்தது. அவர் அடித்தது 11. ஃப்ரீகிக், பெனால்டி, கார்னரில் தலையால் முட்டுவது என்று பல வழிகளில் வந்த கோல்கள் இவை.

அதே 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக முதன்முறை இத்தாலி சட்டையை அணிந்தார். அப்போது அவருக்கு வயது 27. அந்தக் கோடையில் மிலான் நகரின் இன்டர் மிலான் கிளப் அவரை வாங்கியது.

நெஸ்டாவின் மாற்று ஆள்

தேசிய அணியில் மட்டராஸிக்குக் கிடைத்த வேலை மாற்று ஆள் வேலைதான். முதல் தேர்வு எப்போதும் நெஸ்டாவும் கன்னவாரோவும். நெஸ்டாவுக்குக் காயம் ஏற்பட்டால் மட்டராஸி இறங்குவார்.

2002 உலகக் கோப்பையில் அதுவே நடந்தது. குரோஷியாவுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் பாதியிலேயே நெஸ்டா காயம்பட்டு வெளியேறினார். மட்டராஸி உள்ளே வந்தார். இத்தாலி 2-1 என்று தோற்றது. கடைசி நேரத்தில் மட்டராஸி தூரத்தில் இருந்து தூக்கி அடித்த பந்து யார் மீதும் படாமல் வலைக்குள் போனது. ஆனால் சக வீரர் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார் என்று நடுவர் அந்தக் கோலை மறுத்துவிட்டார். தோல்விக்கான பழியில் பெரும்பங்கு மட்டராஸி தலையில் விழுந்தது.

இன்டர் அணியிலும் ஆரம்ப வருடங்கள் கசப்பானவை. 2002 மே 5 அன்று கடைசி ஆட்டத்தில் லாசியோவிடம் 4-2 என்று தோற்று, கைக்கு வந்த லீக் பட்டத்தை இன்டர் நழுவவிட்டது. 2004 பிப்ரவரியில் சியனா அணியின் புருனோ சிரில்லோவை மைதானத்தின் உள்வழியில் தாக்கியதற்காக மட்டராஸிக்கு இரண்டு மாதத் தடை விழுந்தது. இதற்கு யாரும் நியாயம் சொல்ல முடியாது. அவரை வில்லன் என்று எழுதியவர்கள் காற்றில் இருந்து எழுதவில்லை.

அடுத்த ஆண்டே வேறொரு படம் வந்தது. 2005 ஏப்ரலில் இன்டர் அணிக்கும் ஏசி மிலான் அணிக்கும் சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி. ரசிகர்கள் எறிந்த தீப்பந்தங்களால் மைதானம் புகைமூட்டமாகி ஆட்டம் நின்றது. அந்தச் சிவந்த புகையின் முன்னால், எதிரணி வீரர் ரூயி கோஸ்டாவின் தோளில் முழங்கையை ஊன்றி மட்டராஸி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நண்பர்கள் திண்ணையில் நின்று திருவிழா பார்ப்பது போல இருக்கும். கால்பந்தின் மிகப் புகழ்பெற்ற புகைப்படங்களில் ஒன்று அது.

ஜூலை 9, 2006

2006 உலகக் கோப்பையிலும் அதே கதை திரும்பியது. செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் நெஸ்டாவுக்குக் காயம். மட்டராஸி இறங்கினார். சில நிமிடங்களிலேயே கார்னர் பந்தைத் தலையால் முட்டிக் கோல் அடித்தார். அடுத்து ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் சிவப்பு அட்டை. அதனால் உக்ரைனுடனான கால் இறுதியில் ஆட முடியவில்லை. ஜெர்மனிக்கு எதிரான அரை இறுதிக்குத் திரும்பி வந்தார். ஒரு நாள் நாயகன், மறுநாள் குற்றவாளி. அவர் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான்.

பெர்லினில் நடந்த இறுதி ஆட்டத்தில் இந்த இரண்டு வேடங்களும் ஒரே மாலையில் வந்தன.

7-வது நிமிடத்தில் மட்டராஸி மலூடாவைத் தடுத்தார் என்று நடுவர் எலிசோண்டோ பெனால்டி கொடுத்தார். ஜிடேன் அதைக் கோலாக்கினார். அந்த உலகக் கோப்பை முழுவதிலும் இத்தாலி வாங்கியது இரண்டே கோல்கள். ஒன்று, அமெரிக்காவுக்கு எதிராக இத்தாலி வீரரே தவறுதலாக அடித்த சுயகோல். மற்றொன்று இந்தப் பெனால்டி.

19-வது நிமிடத்தில் பிர்லோ கார்னர் அடித்தார். மட்டராஸி வியராவுக்கு மேலே எம்பித் தலையால் முட்டினார். 1-1.

110-வது நிமிடம், கூடுதல் நேரம். மட்டராஸி ஜிடேனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். 'சட்டை வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்ததும் தருகிறேன்' என்கிற பொருளில் ஜிடேன் பேசினார். பதிலுக்கு மட்டராஸி ஜிடேனின் சகோதரியை இழிவுபடுத்திப் பேசினார். அதன் பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. ஜிடேன் தன் வாழ்க்கையின் கடைசி ஆட்டத்தில், கோப்பையைக் கடந்து தலைகுனிந்து வெளியேறினார்.

பெனால்டி ஷூட் அவுட்டில் இத்தாலியின் இரண்டாவது பந்தை அடித்தவர் மட்டராஸி. தவறவில்லை. இத்தாலி 5-3 என்று வென்று நான்காவது முறையாக உலகக் கோப்பையைத் தூக்கியது. அந்தத் தொடரில் இத்தாலிக்கு அதிகபட்சமாக இரண்டு கோல்கள் அடித்தவர்கள் இருவர். ஒருவர் முன்கள வீரர் லூகா டோனி. மற்றவர் மாற்று ஆளாக வந்த இந்தத் தடுப்பாட்டக்காரர்.

விசாரணைக்குப் பின் ஃபிஃபா ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடையும் மட்டராஸிக்கு இரண்டு ஆட்டத் தடையும், கூடவே அபராதமும் விதித்தது. தான் சகோதரியைப் பற்றிப் பேசியதை மட்டராஸி பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஜிடேனின் தாயைப் பழித்ததாகச் சொல்லப்பட்டதை உறுதியாக மறுத்தார். தாயைச் சிறு வயதில் இழந்தவர் அவர். இனவெறியோடு பேசினார் என்று எழுதிய சில பிரிட்டிஷ் பத்திரிகைகள் மீது வழக்குப் போட்டார். அவை மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தந்தன. ஆனால் குற்றச்சாட்டு பரவிய வேகத்தில் மன்னிப்பு பரவுவதில்லையே! 2012-ல் பாரிஸில் அந்த முட்டலை ஐந்து மீட்டர் உயர வெண்கலச் சிலையாகவே வைத்தார்கள். அவர் அடித்த கோலுக்கு அப்படிச் சிலை ஏதும் இல்லை.

இன்டரின் பொற்காலம்

பெர்லினுக்குப் பிறகு அவர் இன்டருக்குத் திரும்பி ஆடிக்கொண்டே இருந்தார். 2007 ஏப்ரல் 22 அன்று சியனாவுக்கு எதிராக அவர் அடித்த இரண்டு கோல்களால்தான் இன்டர் 2-1 என்று வென்று லீக் பட்டத்தை உறுதி செய்தது. எந்த அணியின் வீரரைத் தாக்கித் தடை வாங்கினாரோ, அதே அணிக்கு எதிராக!

இன்டருடன் ஐந்து லீக் பட்டங்கள், நான்கு இத்தாலியக் கோப்பைகள் வென்றார். 2010-ல் மொரின்யோ பயிற்சியில் லீக், இத்தாலியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே பருவத்தில் இன்டர் வென்றது. மாட்ரிட் இறுதி ஆட்டத்தில் மட்டராஸி இறங்கியது கடைசி ஓரிரு நிமிடங்களுக்குத்தான். ஆனால் அன்று இரவு, இன்டரை விட்டுப் போகும் மொரின்யோ காரில் ஏறிப் புறப்படும்போது இறங்கி வந்து கட்டிப்பிடித்து அழுதது மட்டராஸியைத்தான். ஒரு பயிற்சியாளருக்கு மாற்று ஆளின் மதிப்பு என்ன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2011-ல் இன்டரில் இருந்து விடைபெற்றார்.

சென்னைக்கு வந்த இத்தாலிக்காரர்

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. அபிஷேக் பச்சன், வீடா தானி, தோனி ஆகியோரை உரிமையாளர்களாகக் கொண்ட சென்னையின் எஃப்சி அணிக்கு மட்டராஸி வீரர் மற்றும் பயிற்சியாளராக வந்தார். வயது 41. பெர்லினில் கோப்பை வென்றவர், பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கில் வந்து நின்றார். கடத்தூர்க்காரர் ஒருவர் பொம்மிடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, நடந்தே போய்ப் பார்த்துவிடக்கூடிய இடம் அது.

அந்த வருடம் அவர் செய்த ஒரு காரியம் அழகானது. நெஸ்டாவைச் சென்னைக்கு அழைத்து வந்தார். யாருடைய காயத்தால் இரண்டு உலகக் கோப்பைகளில் தனக்கு இடம் கிடைத்ததோ, அந்த நெஸ்டா இப்போது மட்டராஸியின் அணியில் அதே நீலச் சட்டையில் ஆடினார். அந்தப் பருவத்தில் சென்னை லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் அரை இறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம், முதல் ஆட்டத்தின் 3-0 பாக்கியைச் சமன் செய்த பிறகும், கூடுதல் நேரக் கோலில் தோற்றது.

2015-ல் ஆரம்பம் மோசம். நான்கு லீக் ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போது அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அந்த நான்கையும் வென்று அரை இறுதிக்குள் நுழைந்தது. அப்போதுதான் சென்னையைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. சொந்த மைதானத்தில் ஆட முடியாமல் அரை இறுதி புனேவுக்கு மாறியது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்று, மறு ஆட்டத்தில் 2-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் இறுதிக்குப் போனது.

டிசம்பர் 20, கோவா, ஃபட்டோர்டா மைதானம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. சென்னை ரசிகர்கள் டிவியை அணைத்திருக்கலாம். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் சுயகோல். அடுத்த இரண்டு நிமிடங்களில் மெண்டோசா வெற்றிக் கோல். 3-2. வீடுகளில் சேறு அள்ளிக்கொண்டிருந்த ஊருக்கு ஒரு கோப்பை வந்தது.

2016-ல் அணி ஏழாவது இடத்தில் முடிந்தது. 2017-ல் மட்டராஸி விலகினார். ஜான் கிரெகரி பொறுப்பேற்று, 2018 மார்ச்சில் சென்னை இரண்டாவது முறை கோப்பை வென்றது. அந்த இறுதி ஆட்டத்தில் கார்னர் பந்துகளைத் தலையால் முட்டி இரண்டு கோல்கள் அடித்தவர் மெயில்சன் ஆல்வெஸ். மட்டராஸி காலத்தில் சென்னைக்கு வந்த தடுப்பாட்டக்காரர்!

முடிவாக

மட்டராஸி உத்தமர் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. எதிராளியின் சகோதரியை இழுத்துப் பேசியது தவறு. சிரில்லோவைத் தாக்கியது அதைவிடத் தவறு. ஆனால் தடுப்பாட்டக்காரரின் வேலையே ஒரு விசித்திரமான வேலை. தொண்ணூறு நிமிடம் சரியாக ஆடினால் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். ஒரு நிமிடம் தவறினால் காலம் முழுக்க அதையே சொல்வார்கள். மட்டராஸி விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

பெர்லின் ஆட்டத்தில் அவர் பெயர் பதிவான நிமிடங்கள் நான்கு. பெனால்டி கொடுத்தது, கோல் அடித்தது, வாய் தவறியது, ஷூட் அவுட்டில் தவறாதது. உலகம் மூன்றாவதை மட்டும் எடுத்துச் சிலை வைத்தது. அடுத்த முறை அந்த வீடியோ கண்ணில் பட்டால், அதே ஆட்டத்தின் 19-வது நிமிடத்தையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அங்கேயும் ஒரு தலைமுட்டல்தான். முட்டியவர் மட்டும் வேறு.