முதுகுத்தண்டு ஊசியும் கடைமடைத் தண்ணியும்

சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டதுல இருந்துதான் இந்த வலின்னு சொல்ற அம்மாக்கள் எங்க பவானிப் பக்கம் நிறைய உண்டுங்க. அந்த ஊசிக்கு வயசு நூறு தாண்டிடுச்சு. 1891ல ஜெர்மனியில கீல் நகரத்து டாக்டர் குவின்கே, இடுப்புப் பக்கம் ஊசி குத்தி தண்டுவட நீரை எடுத்தார். 1898ல அதே ஊர்ல ஆகஸ்ட் பியர் அந்த வழியா கொக்கைன் செலுத்தி, உதவியாளரோட காலைச் சுத்தியால தட்டிப் பார்த்தார். வலிக்கலை! அப்புறம் தலைவலி மட்டும் ரெண்டு பேரையும் பாடாப் படுத்துச்சு.

வலியை மரக்க வைக்கற வழியில நோய்க்கே மருந்து கொடுத்தா என்ன? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ல நம்ம எதிர்ப்பு சக்தியே நரம்பு மேல இருக்கற உறையை அரிச்சிடும், வயர் மேல இன்சுலேஷன் போன மாதிரி. அதுலயும் விடாம கூடிக்கிட்டே போற வகைக்கு மருந்து ரொம்பக் கம்மி. ரத்தத்துல ஏத்தற ஆன்டிபாடி மருந்துல ஆயிரத்துல ஒரு பங்குதான் தண்டுவட நீருக்குப் போகுது.

1950கள்ல இருந்து ஸ்டீராய்டை நேரா உள்ள செலுத்தினாங்க. டெஸ்ட் பண்ணாம புரொடக்‌ஷன்ல ஏத்தின கோடு மாதிரிதான். தண்டுவடத்தைச் சுத்தின சவ்வு புண்ணாகற பாதிப்பு 1973ல அறிக்கையாவே வந்தது.

ஒழுங்கா சோதிச்சது பாக்லோஃபென். 1989ல சிகாகோவுல ரிச்சர்ட் பென் குழு, தசை இறுகிப்போன 20 பேருக்கு மருந்தையும் வெறும் உப்புத்தண்ணியையும் மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. எது எதுன்னு யாருக்கும் தெரியாது. மருந்து ஜெயிச்சது. ஆனா அது இறுக்கத்தைத்தான் தளர்த்தும், நோயை நிறுத்தாது.

நோயையே நிறுத்த அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ரிட்டுக்சிமாப்பை முதுகு வழியா கொடுத்துப் பார்த்தது. பலன் போதாதுன்னு பாதியிலயே நிறுத்திட்டாங்க. முடிவு 2016ல வெளியாச்சு. நீர்ல இருந்த பி செல்கள் குறைஞ்சது, மூளைத் திசுவுல போதுமான அளவு குறையலை. அந்த மருந்துக்குத் துணை நின்னு செல்லைக் கொல்ற படை தண்டுவட நீர்ல ரொம்பக் கம்மி.

இன்னொரு சிக்கல், தூரம். இந்த நீர் மொத்தமே சுமார் 150 மில்லி, ஒரு நாளைக்கு 500 மில்லி புதுசா ஊறுது. காலிங்கராயன் வாய்க்கால் கடைமடையில மருந்தைக் கரைச்சிட்டு, தலைமடைக்கு ஏறணும்னு எதிர்பார்க்கற கதை. நீர் முன்னும் பின்னும் அலையறதால ஓரளவு ஏறும், அவ்வளவுதான்.

ஸ்டெம்செல்லும் இதே வழியில வந்தது. 2020ல ஜெருசலேம்ல 48 பேர்கிட்ட நடந்த சோதனை நம்பிக்கை தந்தது. 2024ல வெளியான நியூயார்க் சோதனை முதன்மை இலக்கை எட்டலை. இந்தியாவுல 2017 ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல்படி, ரத்த நோய் மாதிரி சிலதைத் தவிர ஸ்டெம்செல்லை ஆய்வுக்குள்ள மட்டும்தான் கொடுக்கலாம். அதனால, காட்டை வித்துப் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வெறும் தண்ணி போட்டவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தீங்களா?"

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டறவன்.