ஒலிக்கலவைக் கலையும் கைப்பயிற்சி மரபும்

1. ஆய்பொருள்

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் பெருவழியில், வையையின் வடபால் அமைந்தது விளாங்குடி. 2011 இல் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், முளைப்பாரி எடுக்கும் நாளில், மரக்கொம்பிற் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் பாட்டைக் கேட்டு வளர்ந்தோர் பலர். அப்பாட்டைப் பாடியவர் யார், இசையமைத்தவர் யார் என வினவின் உடனே விடை வரும். அக்குரலையும் பல கருவிகளின் ஒலியையும், ஒன்றை ஒன்று விழுங்காவாறு அளவுபடுத்தி இணைத்தவர் யார் என வினவின், விடை கூறுவார் அரியர். இசைத்தட்டின் முகப்பிலும் அவர் பெயரைக் காண்டல் அரிது.

இவ்விணைப்புத் தொழிலைத் துறையினர் ‘மிக்ஸிங்’ என்பர். யாம் ஒலிக்கலவை எனக் குறிக்கின்றோம். இக்கலை தமிழகத்தில் எவ்வாறு கற்கப்பட்டது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். பெரும்பாலும் நூல் வழியன்றிக் கைவழியும் செவிவழியுமே இது கற்கப்பட்டது என்பதும், அதனாலேயே இதன் வரலாறு மறையும் நிலையில் உள்ளது என்பதும் எம் துணிபு.

2. பண்டை அரங்கில் ஒலியளவு

கருவிகளின் ஒலியை அளவுபடுத்தும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலாசான் முதலியோரின் அமைதிகளை முறையே கூறுகின்றது. அவற்றுள் தண்ணுமை ஆசிரியனுக்குரிய பகுதி நம் கருத்துக்கு உரியது. தாளம் அறிதல் மட்டும் அவனுக்குப் போதாது. பிற கருவிகளின் இசையில் குறை நேருமிடத்து நிரப்பவும், மிகை நேருமிடத்து அடக்கவும் அவன் வல்லனாதல் வேண்டும். ஆக்கல், அடக்கல் என்னும் இவ்விரண்டுமே இன்றைய ஒலிக்கலவையாளன் தொழிலின் சாரம். குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன்பின் முழவும் நின்று இசைத்தன என அக்காதை கூறும் முறைவைப்பும் ஈண்டு நோக்கத்தக்கது.

இதுகொண்டு, பண்டையோர் இன்றைய கலையை முன்னரே அறிந்திருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. ஒலியைப் பதிந்து வைக்கும் பொறி 1877 இல் எடிசனால் ஆக்கப்பட்டது. அரங்கில் இசைக்கும்போதே அளவுபடுத்துதல் வேறு. பதிந்த ஒலியை மீண்டும் மீண்டும் கேட்டு அளவுபடுத்துதல் வேறு. ஆயினும் இரண்டிற்கும் வேண்டும் செவித்திறன் ஒன்றே. மாதவி ஐயாண்டிலே தொடங்கி ஏழாண்டு பயின்ற பின்னரே அரங்கேறினாள் என்பது, அத்தகைய திறன் நீண்ட பயிற்சியால் வருவது எனப் பண்டையோர் கொண்டமையைக் காட்டும்.

3. பொறி மாறிய வரலாறு

1902 இல் கல்கத்தாவில் கெய்ஸ்பெர்க் இந்திய இசையைப் பதிந்த காலத்தில் ஒலிவாங்கி இல்லை. கூம்பு ஒன்றின் வாயில் பாடுவர். அதன் அதிர்வே ஊசியை இயக்கித் தட்டில் வடுவை உண்டாக்கும். அளவுபடுத்தத் திருகும் இல்லை. பாடுவோரைக் கூம்பின் அருகே நிறுத்துதலும், ஓசை மிக்க கருவியைத் தள்ளி அமர்த்துதலுமே வழி. எனவே அக்கால ஒலிக்கலவை அடியளவால் ஆயது. எத்துணை அடி தள்ளி அமர்த்துவது என்பதைப் பதிந்து கேட்டே அறிதல் வேண்டும்.

1925 அளவில் மின்முறைப் பதிவு தோன்றியது. மதுரைச் சண்முகவடிவின் மகளார் எம். எஸ். சுப்புலட்சுமி, தம் பத்தாம் வயதளவில் முதல் இசைத்தட்டிற்குப் பாடியது இம்மாற்றத்தை ஒட்டிய காலத்திலேயாம். 1931 இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தபின், பாட்டு படத்தோடு பிணைந்தது. ஏ. நாராயணன் 1934 இல் சென்னையில் நிறுவிய சீனிவாசா சினிடோன் கூடத்தில், ‘சீனிவாச கல்யாணம்’ முதலிய படங்களுக்கு ஒலிப்பதிவில் ஈடுபட்டவர் அவர்தம் துணைவியார் மீனா நாராயணன். இந்தியத் திரைத்துறையின் முதற்பெண் ஒலிப்பதிவாளர் எனப் போற்றப்படும் இவர், கூடத்திலேயே தொழில் பயின்றவர் என்பது எம் கருத்துக்கு அரண் செய்யும்.

1938 இல் ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமன் பாடிய பாட்டு, நடித்தவர் வாயசைவுக்கு இயைய இணைக்கப்பட்டது. பின்னணிப் பாட்டு என்னும் இம்முறையால் பாட்டு படப்பிடிப்பினின்று விடுபட்டு, அமைதியான கூடத்தில் பதிவாகும் நிலை பெற்றது. காந்த ஒலிநாடா வந்தபின், ஒரு தடத்தின்மேல் மற்றொரு தடத்தைச் சேர்த்தல் எளிதாயிற்று. அமெரிக்காவில் லெஸ் பால் என்னும் இசைவாணர் 1948 இல் தட்டுகளைக் கொண்டும், பின்னர் நாடாவைக் கொண்டும் ஒருவராகவே பல கிதார்களை இசைத்து அடுக்கிக் காட்டினார். தமிழ்த் திரைக்கூடங்களிலோ, நெடுங்காலம் பாடகரும் கருவியிசைப்போரும் ஒருங்கே இருந்து பதிந்தனர். ஒருவர் தவறினும் அனைவரும் முதலிலிருந்து தொடங்குவர். ‘மானிட்டர்’ என்னும் ஒத்திகையிலேயே கலவை முற்றும் அமைந்தாக வேண்டும். உதவியாளனாய் அருகிருந்தவன், ஒரு பாட்டு பலகால் மீள்வதைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் ஆசிரியன் கை எத்திருகை நாடிற்று என்று கண்டு கற்றான்.

1978 இல் ‘பிரியா’ படப்பாடல்கள் ஸ்டீரியோ முறையிற் பதிவாயின. ஏ. ஆர். ரகுமான் 1989 இல் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த கூடத்திலிருந்து 1992 இல் ‘ரோஜா’ பாடல்கள் வந்தன. அவருடன் நெடுநாள் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர், ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஆகிய படங்களுக்காகத் தனித்தும் பிறரோடு சேர்ந்தும் தேசிய விருது பெற்றவர்; 2008 இல் மறைந்தார். பாட்டைப் பற்றிய பேச்சில் ஒலிப்பதிவாளர் பெயரும் இடம்பெறத் தொடங்கியது இத்தலைமுறையிலேயே எனலாம்.

4. கற்கும் முறை

இனி, கைப்பயிற்சியால் விளைவது யாது என்பதைக் காண்போம். தொடக்கத்தில் மாணவன் செய்யும் பிழை ஒன்று உண்டு. பாட்டின் சொல் தெளிவாகக் கேளாதவிடத்து, அவன் குரலை உயர்த்துவான். உடனே வயலின்கள் மெலிந்தன போலத் தோன்றும், அவற்றையும் உயர்த்துவான். பின்னர்த் தாளக்கருவி மங்கும்; அதனையும் உயர்த்துவான். முடிவில் அனைத்தும் உயர்ந்து, சொல் பழையபடியே மறைந்து நிற்கும். தேர்ந்தவனோ, குரலின் மெய்யொலிகள் வாழும் அதே அதிர்வெண் பகுதியில் எக்கருவி மிகுந்து நிற்கின்றது என்று தேடி, அதனைச் சிறிதே அடக்குவான். லகர ளகர ழகர வேறுபாடு அப்போது தெளியும். ஆக்கலினும் அடக்கல் அரிது என்பதை நூல் ஒருவரியிற் கூறிவிடும். செவி அதனை ஏற்க ஆண்டுகள் செல்லும்.

நல்ல கூடத்தில் இனிதாய் ஒலிப்பது சிறிய வானொலிப் பெட்டியிற் சிதைதலும் உண்டு. ஆதலின் கலந்த பாட்டைச் சிறு பெட்டியிலும் கேட்டுப் பார்த்தல் வழக்காயிற்று. சிற்றூர்களில் ‘மைக் செட்’ காரரிடம் பணிபுரிந்த சிறுவர்க்கும் இத்தகைய பயிற்சி வாய்த்தது. முதலிற் பெட்டி சுமத்தல், பின்னர்க் கம்பி இழுத்தல், பின்னர்த் தட்டு மாற்றல், இறுதியிலேயே திருகில் கை வைத்தல் என்பது அவர்தம் பாடத்திட்டம். ஒலிபெருக்கியின் எதிரே ஒலிவாங்கி நின்றால் வீளையோசை எழும் என்பதைத் திருவிழாக் கூட்டத்தின் நகைப்பிடையே கற்றவன் மறவான்.

5. பள்ளியும் பட்டறையும்

இக்கலையைக் கல்வி நிலையங்களிற் கற்பிக்கும் முயற்சி உலகெங்கும் நிகழ்ந்துள்ளது. இசையும் இயற்பியலும் அறிந்த ஒலியாளரைப் பயிற்றவேண்டும் என்று இசைமேதை ஷோன்பெர்க் 1946 இல் எழுதினார். 1949 இல் செருமனியின் டெட்மோல்டு நகரில் அத்தகைய படிப்புத் தொடங்கியது. நம் நாட்டிலும் சென்னைத் தரமணியிலுள்ள அரசு திரைப்படக் கல்லூரியிலும், 1960 இல் புனேயில் தோன்றிய நிறுவனத்திலும் ஒலிப்பதிவு பாடமாயிற்று. ஆங்கெல்லாம் பட்டறைப் பயிற்சி பாடத்தின் பகுதியாகவே அமைந்தது.

நன்னூலார், ஆசிரியன் உரைத்ததை நன்கு கொள்ளினும் புலமையிற் காற்பங்கே எய்தும் என்றும், உடன்பயில்வாரோடு பழகுதலால் காற்பங்கும், பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் கூறுவர். இலக்கணக் கல்விக்கு அவர் வகுத்த இம்முறை இக்கலைக்கும் பொருந்தும். இன்று வீட்டுக் கணிப்பொறியில் தனியே கலவை பயிலும் இளைஞர், ஒவ்வொரு தடத்தையும் பிரித்துக் கேட்கவும், செய்த பிழையை நொடியில் நீக்கவும் வல்லர். இது முன்னோர்க்குக் கிட்டாத பேறு. ஆயின் அருகிருந்து ‘அதனை அடக்கு’ என்று கூறும் ஆசிரியனும், உடன்கேட்டு மறுக்கும் தோழனும் இலராயின், முக்காற் பங்கு எவ்வாறு நிரம்பும்?

6. முடிபு

கைவழிக் கல்விக்குக் குறை ஒன்று உண்டு. கற்றவர் மறையின் கற்றதும் உடன் மறையும். நாடாக்களும் ஈரம் ஏறி ஒட்டிக்கொண்டும் பூஞ்சை படர்ந்தும் அழிந்து வருகின்றன. ஏட்டுச்சுவடி செல்லரிக்குமுன் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்றார். ஒலிநாடாவும் ஒருவகைச் சுவடியே. ஒரே பாட்டின் இருவேறு பதிவுகள் பாடவேறுபாடுகளே. ஒலிப்பதிவாளரிடமும் மைக் செட் தொழிலாளரிடமும் சென்று, அவர் கற்ற முறையையும் வழங்கிய கலைச்சொற்களையும் அவர் வாய்மொழியாகவே திரட்டுதல் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். விளாங்குடியின் ஒலிபெருக்கியிற் பாடிய குரலுக்குப் பெயர் உண்டு. அக்குரலைக் கேட்குமாறு செய்த கைக்கும் பெயர் தேடித்தருதல் ஆய்வாளர் கடன்.