நிசேயாவில் வாக்கெடுப்பு நடந்ததா? நாம் பிழையாகப் படிப்பித்த ஒரு கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் சாதாரண தர வகுப்பில் ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னோம். கி.பி. 325 இல் கொன்ஸ்தாந்தீன் மன்னன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்தினான், நான்கு நற்செய்தி நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எரிக்கச் சொன்னான் என்று. பிள்ளைகளும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

இந்தக் கதை எப்படியோ ஆசிரியர் அறைக்கும் வந்துவிட்டது. நம்மோடு படிப்பிக்கும் கிறிஸ்தவ ஆசிரியை ஒருவர், கோபப்படாமல்தான் கேட்டார்: "சேர், அது எந்தப் புத்தகத்தில இருக்கு? நானும் வாசிக்க வேணும்."

பதில் இருக்கவில்லை. நமக்கு அது வட்ஸ்அப்பில் வந்தது. அன்றிரவு தேடத் தொடங்கினோம்.

நிசேயா மாநாடு கூடியது, ஈஸா (அலை) அவர்களின் தன்மை பற்றி ஆரியுஸ் என்ற குருவானவர் சொன்ன கொள்கையை விவாதிக்க. ஈஸ்டர் எந்த நாளில் என்பதும் பேசப்பட்டது. மாநாடு வெளியிட்ட 20 ஒழுங்கு விதிகள் இன்றும் இருக்கின்றன. எந்த நூலை ஏற்பது, எதை விடுவது என்று அவற்றில் ஒரு விதியும் இல்லை. அதற்கு ஏறக்குறைய 145 வருடங்களுக்கு முன்பே, கி.பி. 180 அளவில், இரேனியுஸ் என்ற ஆயர் நற்செய்திகள் நான்குதான் என்று வாதாடி எழுதிவிட்டார். இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே வரும் முதல் பட்டியல் 367 இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. நிசேயாவில் நூல்களைத் தெரிந்தெடுத்த கதையோ, மாநாடு நடந்து 500 வருடங்களுக்கும் மேல் கழிந்த பின் எழுதப்பட்ட ஒரு கிரேக்க நூலில்தான் தலைகாட்டுகிறது. அதிலும் வாக்கெடுப்பு இல்லை.

அப்படியானால் பைபிளின் பிரதிகளில் மாற்றமே நடக்கவில்லையா? நடந்தது. அதைக் கண்டுபிடித்த முறை நாம் சொன்ன கதையை விடச் சுவையானது.

நற்செய்தி ஆசிரியர்கள் எழுதிய மூல ஏடு ஒன்றும் இன்று இல்லை. இருப்பவை எல்லாம் கையால் பார்த்தெழுதிய பிரதிகள். முழுமையாகவும் துண்டுகளாகவும் 5,000 க்கும் மேற்பட்ட கிரேக்கப் பிரதிகள். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. எதை நம்புவது?

ஆசிரியர்களுக்கு இது இலகுவாக விளங்கும். பாடசாலைக்கு வராத பிள்ளை அடுத்த பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். கண்டி ஒப்பந்தம் 1815 என்று நாற்பது கொப்பியிலும் இருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று சொல்ல முடியாது. மூன்று கொப்பியில் மட்டும் 1851 என்று இருந்தால்? அந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன. ஒரே பிழை பல இடத்தில் இருந்தால் அது உறவைக் காட்டும். பிரதி ஆய்வாளர்கள் கையெழுத்துப் பிரதிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பது இப்படித்தான். ஆகவே எத்தனை பிரதிகள் சொல்கின்றன என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரே பிழையைப் பார்த்தெழுதிய நூறு பிரதிகளும் ஒரு சாட்சிதான்.

இன்னொரு விதி: இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால், சங்கடமானதே பெரும்பாலும் பழையது. பார்த்தெழுதுபவர் சங்கடத்தைத் திருத்துவாரே தவிர, புதிதாக உண்டாக்க மாட்டார்.

மாற்கு நற்செய்தியின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏசாயா தீர்க்கதரிசி எழுதியது என்று சொல்லி மேற்கோள் வருகிறது. அதன் முதல் பகுதியோ மலாக்கி நூலைச் சேர்ந்தது. பழைய பிரதிகளில் ஏசாயா என்றே இருக்கிறது. பிந்திய பிரதிகள் பெரும்பாலானவற்றில் பெயரை எடுத்துவிட்டு, தீர்க்கதரிசிகள் என்று பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் பிழையைக் கண்டு நல்லெண்ணத்தோடு திருத்தியிருக்கிறார்.

இதே இடத்தை மத்தேயுவிலும் லூக்காவிலும் பாருங்கள். ஏசாயாவின் வரிகள் மட்டும் அங்கே நிற்கின்றன. மலாக்கியின் வரி வேறு அத்தியாயத்தில், ஏசாயாவின் பெயரில்லாமல் வருகிறது. மாற்குதான் முதலில் எழுதினார், மற்ற இருவரும் அவரை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வதற்கு இப்படியான இடங்களே காரணம்.

பெரிய மாற்றங்களும் உண்டு. 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் மாற்கு 16 ஆம் அத்தியாயம் 8 ஆம் வசனத்தோடு முடிகிறது. பிந்திய பிரதிகளில் இன்னும் 12 வசனங்கள் வருகின்றன. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் அப்படித்தான். இன்று யோவானில் இருக்கும் அது மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. சில பிரதிகளில் லூக்காவுக்குள் வருகிறது. மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: மாற்குவின் அந்தக் கூடுதல் வசனங்களில் ஒன்றை இரேனியுஸ் 2 ஆம் நூற்றாண்டிலேயே எடுத்தாண்டிருக்கிறார். சேர்க்கை என்றாலும் அது மிகப் பழைய சேர்க்கை.

இதையெல்லாம் கண்டுபிடித்தது யார்? பெரும்பாலும் கிறிஸ்தவர்களே. 1707 இல் ஜோன் மில் என்ற ஆங்கிலேயர், பிரதிகளுக்கிடையே சுமார் 30,000 வேறுபாடுகளைத் தொகுத்து வெளியிட்டார். ஜேர்மனியின் பெங்கல் பக்தியுள்ள மனிதர். மாணவனாக இருந்தபோதே இந்த வேறுபாடுகள் அவரைக் கலக்கின. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வருடக்கணக்காகப் பிரதிகளை ஒப்பிட்டு 1734 இல் தன் பதிப்பை வெளியிட்டார். சங்கடமானதே பழையது என்ற விதியை வகுத்தவரும் அவர்தான். இன்று பல பைபிள் பதிப்புகளில் மேலே சொன்ன இரண்டு பகுதிகளும் அடைப்புக்குறிக்குள், அடிக்குறிப்போடு இருக்கின்றன. நம்மவர்கள் மேடையில் இரகசியம் போல் உடைப்பது அவர்கள் வீட்டுப் பைபிளில் அச்சாகி இருக்கிறது.

முன்னைய வேதங்களில் மனிதக் கை பட்டது என்பது நம் நம்பிக்கை. அதற்குப் பொய்க்கதை ஒன்றும் தேவையில்லை. பிரதி ஆய்வு ஒரு பிரதியில் என்ன இருந்தது என்று சொல்லும். ஈஸா (அலை) யார் என்ற கேள்விக்கு அது தீர்ப்புச் சொல்லாது, நமக்குச் சார்பாகவும் சொல்லாது. அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராக விசாரித்த ஹதீஸ் கலை அறிஞர்களின் வாரிசுகள் நாம். யார் சொன்னது என்று கேட்காமல் ஒரு கதையை வகுப்புக்குள் கொண்டுபோனோம்.

அடுத்த வாரமே பிள்ளைகளிடம் பிழையைச் சொன்னோம். கொப்பியில் வெட்டச் சொன்னோம். அந்த ஆசிரியையிடமும் மன்னிப்புக் கேட்டோம்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்தும்போது, ஒரு மாணவன் அதே வாக்கெடுப்பை, நம்முடைய அதே வசனத்தில் எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டோம். "தாத்தாட கொப்பியில இருந்திச்சி சேர்." அவனுடைய தாத்தா நம் வகுப்பில் இருந்தவர். திருத்தம் சொன்ன நாளில் அவர் பாடசாலைக்கு வரவில்லை.

இன்னும் எத்தனை கொப்பிகளில் அது இருக்கிறதோ தெரியாது. அந்த வகுப்பில் இருந்த யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அந்தப் பக்கத்தைத் தேடி வெட்டிவிடுங்கள். தம்பி தங்கைக்குக் கொப்பியைக் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

இந்தப் பதிவிலும் பிழை இருந்தால் கருத்துப் பகுதியில் சுட்டிக்காட்டுங்கள். ஆதாரத்தோடு. வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் பயனுள்ள அறிவைத் தருவானாக.