திரிந்த குறிஞ்சி: கேமரன்மலையிலிருந்து தேயிலை இலக்கியத்தை நோக்குதல்

ஐந்திணைப் பாகுபாட்டை மாணவர்க்கு விளக்கும் மலேசியத் தமிழாசிரியர் பலர், குறிஞ்சிக்கு எடுத்துக்காட்டாகக் கேமரன்மலையைக் கூறுவது வழக்கம். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. பகாங் மாநிலத்தில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா அமைந்துள்ளது. குளிரும் மூடுபனியும் அங்கு ஆண்டு முழுவதும் உண்டு. முதற்பொருளளவில் இவ்வெடுத்துக்காட்டில் குறையில்லை. ஆயினும் திணை என்பது நிலத்தோடு ஒழுக்கத்தையும் குறிப்பது. அம்மலையில் வாழ்வோர் யாவர், அவர் யாருக்காக என்ன தொழில் செய்கின்றனர், அவரைத் தலைமக்களாகக் கொள்ள இலக்கணம் இடந்தருகிறதா என்னும் வினாக்கள் எழும்போது எடுத்துக்காட்டு ஆட்டங்காண்கிறது. கபிலரின் குறிஞ்சித் தலைவியையும் தேயிலைமலைப் புனைகதை மாந்தரையும் அருகருகே வைத்து இவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

கபிலரின் தலைவி

குறிஞ்சித் திணையின் முழுமையான பாத்திரப் படைப்பைக் காணவேண்டின் குறிஞ்சிப்பாட்டையே முதலில் நாட வேண்டும். 261 அடிகளைக் கொண்ட இப்பாட்டு, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்பது மரபுவழிச் செய்தி. அச்செய்தியின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும், கற்பித்தற்கென்று எழுந்த இலக்கியம் என்ற வகையில் ஆசிரியர்க்கு அது அணுக்கமானது. தோழி, செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்றாக அமைந்த இப்பாட்டில் தலைவி நேரே பேசுவதில்லை. அவள் செயல்களைத் தோழியின் சொல்வழியே அறிகிறோம். தினைப்புனத்தைக் காக்கச் செவிலி அவளை அனுப்புகிறாள். அவள் பரண்மீதிருந்து தழலும் தட்டையும் குளிரும் கொண்டு கிளி ஓட்டுகிறாள். மழைபெய்து ஓய்ந்தபின் அருவியாடுகிறாள். மலர் பறித்துப் பாறைமேல் குவிக்கிறாள். 99 மலர்களின் பெயர்கள் அவ்விடத்தில்தான் அடுக்கப்படுகின்றன.

இப்பட்டியலைப் பெரும்பாலும் தாவரவியல் வியப்பாகவே நாம் கற்பித்து வருகிறோம். பாத்திரப் படைப்பு நோக்கில் அதற்கு வேறொரு பயனும் உண்டு. அவள் பறிக்கும் மலர்க்கு எடையில்லை, கணக்கில்லை, மாலையில் அளந்து பார்ப்பார் இல்லை. விரும்பியதைப் பறிக்கிறாள், பறித்ததைத் தானே உடுத்தும் தழையாகவும் சூடும் கண்ணியாகவும் ஆக்கிக்கொள்கிறாள். புனங்காத்தல் என்னும் வேலையும் தன் குடியின் உணவைக் காக்கும் வேலையே. தலைவனை எதிர்கொள்ளும்போது அவளிடம் காணப்படும் நாணமும் துணிவும், தன் மலையில் தான் உரியவளாக நிற்கும் இந்நிலையிலிருந்து பிறந்தவை எனக் கொள்வதில் தடையில்லை.

அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. எனவே கபிலரின் தலைவிக்குப் பெயரில்லை. இப்பெயரின்மை அவளைச் சிறுமைப்படுத்துவதன்று. அவளைத் தனியொருத்தியாக நிறுத்தாமல் எவரும் தம்மை அவளில் காணுமாறு செய்வது அவ்விதி. பின்னர் வரும் ஒப்பீட்டிற்கு இது தேவைப்படுவதால் ஈண்டு வலியுறுத்தப்படுகிறது.

தேயிலை ஏறிய மலை

1885ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் பேராக், பகாங் எல்லைப் பகுதியை அளந்தபோது இம்மலைநிலத்தைக் குறித்துவைத்தார். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னரே அதனை மலைவாழிடமாக்கும் திட்டம் உருப்பெற்றது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல், இலங்கையில் பட்டறிவு பெற்ற தேயிலைத் துரை ஏ. பி. மில்னுடன் இணைந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் குடும்பத்தினரின் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட 1867ஐ நோக்க, இது அறுபதாண்டு பிந்திய வரலாறு.

இக்காலப் பிற்பாடு இலக்கிய வரலாற்றிற்கும் முதன்மையானது. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியதும் 1930இல் மலாயாவுக்கான கங்காணி முறை ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பின்னர் ஓரளவு மீண்ட குடியேற்றத்தையும் 1938இல் இந்திய அரசு தடைசெய்தது. ஆக, கேமரன்மலைத் தேயிலை வளரத் தொடங்கிய பத்தாண்டு, மலாயாவுக்கான தமிழர் பெயர்வு முடிவுக்கு வந்த பத்தாண்டுமாகும். மலாயாவின் பெருந்தோட்ட வாழ்வு ரப்பர் நிரையில் நிலைகொண்டுவிட்டிருந்தது. நம் நாவலாசிரியர்களும் பால்மரத்தையே பாடுபொருளாக்கினர். தமிழகத்திலிருந்து வந்து பார்த்துச் சென்ற அகிலனும் ‘பால்மரக் காட்டினிலே’ என்றுதான் எழுதினார். அடர்ந்த இலங்கை மலையகத்தைப் போன்று ஓர் இலக்கியத்தைத் தோற்றுவிக்கும் தொகையோ தொடர்ச்சியோ கேமரன்மலைக்கு வாய்க்கவில்லை.

ஆதலின் கேமரன்மலைக் கொழுந்துக்காரியைப் புனைகதையில் அறிய விரும்பும் மாணவர், பிற மலைகளின் கதைகள் வழியாகவே அவளை அணுக வேண்டியுள்ளது. மில்ன் போன்றோரால் இலங்கைத் தோட்ட முறை இங்கு வந்தது. பெரட்டு, லயம், கங்காணி, கிராணி என்னும் சொற்கள் ரப்பர்த் தோட்டத்திற்கும் தேயிலைத் தோட்டத்திற்கும் பொதுவாயின. எனவே இவ்வணுகுமுறை முற்றிலும் வலிந்து கொண்டதன்று.

மருதியும் வள்ளியும்

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் தாழ்த்தப்பட்ட குடியைச் சார்ந்த மருதி, கணவன் சிறைப்பட்ட நிலையில், கருவுற்றவளாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்கிறாள். அங்குத் தோட்ட அதிகாரத்தின் காமத்திற்கு இரையாகி நோயுறுகிறாள். ஆசிரியர் இலங்கைக்குச் சென்றதில்லை என்பதைக் கொண்டு இக்கதையின் நம்பகத்தன்மையை ஐயுறுவோர் உளர். அவ்வையம் எனக்கு ஏற்புடையதன்று. மருதியின் துன்பம் தேயிலைத் தோட்டத்தில் தொடங்குவதில்லை. ஊரின் நிலவுடைமையிலும் சாதியிலும் தொடங்குகிறது. புதுமைப்பித்தன் நன்கறிந்த இடம் அது. தோட்டம், ஊரில் விதைத்தது முளைக்கும் இடமாகவே கதையில் வருகிறது.

பி. எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார் (2007). பாலாவின் ‘பரதேசி’ திரைப்படம் (2013) இதனை அடியொற்றியது. கருப்பன், வள்ளி என்னும் இளந்தம்பதியர் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறுகின்றனர். நாவலின் இயக்கம் முழுவதும் அம்முன்பணத்தில் சுழல்கிறது: எத்துணை உழைத்தும் கடன் தீர்வதில்லை, கடன் தீராமல் இறங்கவும் இயலாது.

தலைவியின் பெயர் வள்ளி என்பது நின்று நோக்கத்தக்கது. தென்பாண்டிச் சிற்றூர்களில் இயல்பாக வழங்கும் பெயர் அது. டேனியல் அதனை உட்பொருள் கருதியே இட்டார் எனக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் தமிழ் வாசகர் செவியில் வள்ளி என்பது தினைப்புனம் காத்த குறமகளின் பெயர். அவ்வள்ளி மலையின் மகள்; இவ்வள்ளி சமவெளியின் மகள், மலைக்கு விலைபோனவள். அவள் காத்தது குடியின் உணவு. இவள் கிள்ளுவது ஒருவரும் உண்ணாத தளிர். அவளைத் தேடி வேலன் வந்தான். இவளைத் தேடி வந்தது பற்றுவழிக் கணக்கு.

மலையும் உணவும் பற்றிய இவ்வேறுபாட்டிற்குப் புறநானூறும் சான்றாகிறது. பாரியின் பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தரை நோக்கிக் கபிலர், உழாமல் விளையும் நான்கு பயன் அம்மலைக்கு உண்டு என்கிறார்: மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். உணவு தரும் மலையைப் பட்டினியால் பணியவைக்க இயலாது என்பது அவர் வாதம். தேயிலைமலையின் நிலை இதற்கு நேர்மாறு. நூற்றுக்கணக்கான ஏக்கர் பசுமையிலும் அடுப்பிலேற்ற ஒன்றுமில்லை. அரிசி கீழிருந்து வரவேண்டும். அதன் விலை கூலியில் கழியும். முற்றுகைக்குப் படை வேண்டியதில்லை.

இலக்கணத்தின் தடை

தேயிலைமலை இலக்கியத்தை இக்காலக் குறிஞ்சி எனப் பெயரிடுவதில் எனக்குள்ள தயக்கத்திற்கு மூன்று ஏதுக்கள் உள. முதலாவது, தொல்காப்பிய அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும் பற்றிக் கூறும் விதி. அவர்தம் காதல் ஐந்திணைக்குப் புறத்தே வைக்கப்படும். கைக்கிளை, பெருந்திணைகளில் அமையும் என்பது உரையாசிரியர் கொள்கை. பிறர்க்கு ஏவல்செய்து வாழ்வோர்க்குத் தம் ஒழுக்கத்தைத் தாமே நடத்தும் உரிமையில்லை என்பது அதன் உட்கிடை. இவ்விதியை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அதனை மறைத்துவிட்டு மருதியையும் வள்ளியையும் குறிஞ்சித் தலைவியர் என வகுப்பில் அறிமுகப்படுத்துவது, அவர்கட்கு மறுக்கப்பட்டது எதுவோ அதனையே மறைப்பதாகும்.

இரண்டாவது, இம்மலைக்கு முன்னரே மாந்தர் இருந்தனர். கேமரன்மலையின் குன்றவர் யாவர் எனின் செமாய் முதலான பூர்வகுடியினரே. மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிட்டு, ஊதுகுழல் கொண்டு வேட்டையாடி வாழ்ந்தவர்கள். கபிலர் பாடிய குறவர்க்கு நிகரானவரைத் தேடின் அவர்களைத்தான் சுட்ட வேண்டும். தமிழ்த் தொழிலாளர் அங்குக் குடியேறியோர். நம் பாடநூல் எடுத்துக்காட்டுகளில் செமாய் மக்கள் இடம்பெறாமை வருந்தத்தக்கது.

மூன்றாவது, உரிப்பொருள். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். தேயிலைமலைக் கதைகளின் பாடுபொருளோ ஊரைப் பிரிதல், உறவைப் பிரிதல், கல்லறைகூட இன்றி மக்களைப் பிரிதல். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனக் காடுகாண் காதையில் இளங்கோவடிகள் கூறுவதை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். வெயிலால் திரிந்த மலையை அவர் கூறினார். இங்கு மழை பொய்க்கவில்லை. காடழித்து ஒரே செடியை நட்டதாலும், உடல்களைக் கணக்கேட்டில் கட்டியதாலும் மலை திரிந்தது. பசுமை குன்றாத பாலை என்று இதனை அழைப்பது பொருந்தும் என்பது என் கருத்து. கோகிலம் சுப்பையா இலங்கை மலையக நாவலுக்குத் ‘தூரத்துப் பச்சை’ (1964) எனப் பெயரிட்டதை நினைக்க, இக்கருத்தைப் படைப்பாளர் முன்னரே உணர்ந்திருந்தனர் என்றும் சொல்லலாம்.

பெயரும் பெயரின்மையும்

கேமரன்மலைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு உலகப் புகழ்பெற்ற நாவல் ஒன்று உண்டு. மலேசியரான தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய ‘மாலை மூடுபனித் தோட்டம்’ 2012இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது; 2019இல் திரைப்படமாயிற்று. சப்பானிய முகாமிலிருந்து மீண்ட யுன் லிங், பேரரசரின் தோட்டக்கலைஞராயிருந்த அரித்தோமோ, தென்னாப்பிரிக்கத் துரை மேக்னஸ் ஆகியோரின் மனவுலகை நுட்பமாகத் தீட்டும் சிறந்த நாவல் அது. அம்மூவரின் துயரை அளக்க ஆசிரியர்க்குக் கருவிகள் உள்ளன. கொழுந்து கிள்ளுவோர் பெரிதும் பின்புலமாக நிற்கின்றனர். இது குற்றச்சாட்டன்று, நாவலாசிரியர் தம் கதையைத் தேர்ந்துகொள்ள உரிமையுடையவர். நான் வெளிநாட்டில் ஆய்வு மாணவனாயிருந்த காலத்தில் கடைகளில் கண்ட தேயிலைப் பொட்டலங்களிலும் கூடை சுமந்த பெண்ணொருத்தி சிரித்துக்கொண்டிருப்பாள், அவளுக்கும் பெயரில்லை.

தலைவிக்குப் பெயரில்லாமை அகமரபு. கொழுந்துக்காரிக்குப் பெயரில்லாமை தோட்ட மரபு. முன்னது எல்லார்க்கும் இடந்தருவது. பின்னது எவரும் அவளாக விரும்பாத நிலை. பாரதியார் பிஜித்தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பாடியபோதும் அவர்கள் ஒரு கூட்டமாகவே துயருற்றனர். புதுமைப்பித்தன் அக்கூட்டத்திலிருந்து ஒருத்தியை வெளியே அழைத்து மருதி என்று பெயரிட்டார். தேயிலை இலக்கியத்தின் பாத்திரப் படைப்பு வரலாற்றில் இதனையே திருப்புமுனையாக நான் கருதுகிறேன்.

கேமரன்மலையில் அவ்வாறு பெயரிடும் பணி இன்னும் நிகழவில்லை. காலமும் குறுகி வருகிறது. தோட்டங்களில் இன்று வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளரே மிகுதி. விரலால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரியும் இயந்திரமும் வெட்டுகின்றன. தமிழ்ப் பெண்கள் கூடை சுமந்த தலைமுறையில் எஞ்சியோர் முதுமையுற்றுள்ளனர். இலங்கையில் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து 1983இல் நூலாக்கினார். கேமரன்மலைக்கு அத்தகைய தொகுப்பைச் செய்யத்தக்க இடத்தில் இருப்பவர்கள் தானா ராத்தா, ரிங்லெட், போ, புளூவேலி ஆகிய தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்களே. 99 மலர்களின் பெயர்களை ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் மாணவரை நம்மில் பலர் கண்டிருப்போம். அம்மாணவரிடம் தம் பாட்டியுடன் ஒரே நிரையில் நின்று கொழுந்தெடுத்த பெண்களின் பெயர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். அவர்கள் எந்த ஊரிலிருந்து யாருடன் வந்தனர், பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தனர், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுச் சென்ற நாளில் என்ன பாடினர் என்பனவற்றையும் அத்தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.