ரெப்கோ, பர்மா பஜார், பர்மா நகர்: குடியேறுவது என்றால் என்ன?

இன்றைய எபிசோடை ஒரு பெயர்ப் பலகையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

சென்னையில் ஃபிளாட் வாங்க லோன் தேடி அலைந்தவர்கள் ‘ரெப்கோ’ என்ற பெயரைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ரெப்கோ வங்கி, ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ்னு பல ஊர்களில் போர்டு இருக்கு. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? ‘ரீபேட்ரியேட்ஸ் கோஆப்பரேட்டிவ்’ என்பதன் சுருக்கம்தான் அது. அதாவது, தாயகம் திரும்பியோர் கூட்டுறவு. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த மக்களின் மறுவாழ்வுக்காக 1969-ல் மத்திய அரசு ஆரம்பித்த வங்கி இது. வீட்டுக்கடன் கொடுக்கிற ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸை இந்த வங்கி 2000-ல் தொடங்கியது. இன்னைக்கு யாரோ ஒருத்தர் புது ஃபிளாட்டுக்கு இ.எம்.ஐ. கட்டுறாங்க. அந்தக் கம்பெனியோட வேர், கையில் ஒண்ணுமில்லாம கப்பலில் வந்து இறங்கினவங்ககிட்ட இருக்கு.

புது ஊரில் வீடு பிடித்து செட்டில் ஆகிற அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். நான் திருவொற்றியூருக்கு வாடகைக்கு வந்தப்போ அட்வான்ஸ், கேஸ் இணைப்பு, முகவரிச் சான்று, தண்ணி எத்தனை மணிக்கு வரும் என்பதிலேயே ஒரு மாசம் ஓடிப்போச்சு. சீனாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குப் போன தோழி ஒருத்தி இருக்கா. ஊர் போய்ச் சேர்ந்ததும் 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல முகவரியைப் பதிவு பண்ணணும். அங்கே சட்டமே அப்படித்தான். அப்புறம் சிம் கார்டு, வங்கிக் கணக்கு, பக்கத்துல அரிசி எங்க கிடைக்கும்ங்கிற தேடல்.

ஆனா எங்க ரெண்டு பேருக்குமே போன இடத்தில் வேலை இருந்தது. சரிப்படலைன்னா திரும்பிப் போக ஒரு வீடும் இருந்தது. இந்த ரெண்டுமே இல்லாதவங்க எப்படிக் குடியேறுவாங்க? வடசென்னையில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1937 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் போக கப்பல் டிக்கெட் போதும். அது வெளிநாடே இல்லை. நெல் வயலுக்கு, அரிசி ஆலைக்கு, துறைமுகத்துக்கு என்று கூலியாட்கள் போனார்கள். குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள் போனார்கள். நகரத்தார் வட்டிக்கடைகள் போயின. 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் சுமார் 10 லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான்.

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மிய விவசாயிகளால் கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. பர்மியர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தக் கோபம், வட்டிக்கடை முதலாளியையும் அவர் நிலத்தில் நாற்று நட்ட கூலியையும் பிரித்துப் பார்க்கவில்லை.

முதல் அடி போரில் விழுந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூன் மீது குண்டு போட்டது. அடுத்த சில மாதங்களில் சுமார் 5 லட்சம் பேர் இந்தியாவுக்குத் தப்பி வந்தார்கள். பெரும்பாலானவர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தவர்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1952-ல் வந்த ‘பராசக்தி’ இந்தக் காலத்துக் கதைதான். ரங்கூனிலிருந்து சென்னைக்கு வந்து இறங்குகிற குணசேகரன் இருந்ததையெல்லாம் பறிகொடுத்துவிட்டுத் தெருவில் நிற்பான்.

இரண்டாவது அடி 1962-ல். மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகள், 1964-ல் கடைகள் என்று வரிசையாக அரசுடைமை ஆக்கினார். 1964 மே மாதம் 50, 100 க்யாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. 2016 நவம்பர் ராத்திரி ஞாபகம் இருக்கில்ல? அதோட கடையும் போச்சுன்னு நினைச்சுக்கோங்க. ஊரைவிட்டுக் கிளம்புறப்போ நகை, பணம் எடுத்துட்டு வரவும் கடும் கட்டுப்பாடு. சில வருஷங்களில் கிட்டத்தட்ட 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் 1.4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். கப்பல்கள் வந்து நின்ற இடம், நம்ம சென்னைத் துறைமுகம்.

அரசு இவர்களுக்கு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. ஆனால் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். அப்பா ஊர், தாத்தா ஊர் பெயரைக் காதால் கேட்டிருப்பார்கள், கண்ணால் பார்த்ததில்லை. தெருவில் விளையாடிய மொழி பர்மியம். அப்போ எது தாயகம்? சிலர் இதுக்குக் காலால் பதில் சொன்னார்கள். இங்கே ஒட்டாமல், மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் எல்லை வரைக்கும் போனார்கள். அந்தப் பக்கம் விடவில்லை. எல்லையோரத்தில் இருக்கிற மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்னைக்கும் மோரேயில் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கு.

சென்னையில் தங்கியவர்கள் துறைமுகத்தின் வடக்குப் பக்கமாகப் பரவினார்கள். வியாசர்பாடியின் பக்தவத்சலம் காலனியில் நிறைய பேர். இவர்கள் வந்த சமயத்தில் முதலமைச்சராக இருந்த பக்தவத்சலத்தின் பெயர் அது. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் பர்மா நகர். வெளியூர்களில் தஞ்சாவூர், காரைக்குடி என்று பல இடங்களில் பர்மா காலனிகள்.

இதுல நான் முக்கியமா நினைக்கிறது இதுதான்: வடசென்னையில் அவர்களுக்குக் கிடைத்தது வெறும் கூரை இல்லை. பிழைப்பு பக்கத்தில் இருந்தது. துறைமுகம், மண்ணடி, பாரிமுனை வியாபாரம், எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் விம்கோ, என்ஃபீல்டு. கடை வைத்துப் பழகியவர்கள் கடற்கரைச் சாலை நடைபாதையில், இன்றைய ராஜாஜி சாலையில், கடை போட்டார்கள். 1969-ல் அது பர்மா பஜார் ஆனது. ‘பராசக்தி’க்கு வசனம் எழுதிய கருணாநிதிதான் அந்த வருஷம் முதலமைச்சர்! வெளிநாட்டுப் பொருள் சுலபத்தில் கிடைக்காத அந்தக் காலத்தில் வாட்ச், ரேடியோ, சென்ட் எல்லாம் அங்கேதான். உங்க வீட்டில் பெரியவங்ககிட்ட கேளுங்க, ஒரு டேப் ரிக்கார்டர் கதையாவது வரும்.

இன்னொண்ணு, தெரிஞ்ச மனுஷங்க பக்கத்திலேயே இருந்தாங்க. பக்கத்து வீட்டில் அதே பேச்சு, அடுப்பில் அதே வாசனை. அதனாலதான் அத்தோ பிழைத்தது. மஞ்சள் நூடுல்ஸ், வெங்காயம், முட்டைக்கோஸ், பொரித்த பூண்டு, புளித்தண்ணி எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா. நாம இன்னைக்கு ‘சென்னை ஸ்ட்ரீட் ஃபுட்’னு ரீல்ஸ் போடுறது, ஒரு காலத்தில் புது ஊரில் பழைய வீட்டை நினைத்துக்கொண்டு சமைத்த சாப்பாடு.

இதை 2000-க்குப் பிறகு நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்க. ஆற்றங்கரை, கால்வாய் ஓரத்தில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் அப்புறம் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். அடுக்குமாடி வீடு, சாவி எல்லாம் கையில் கொடுத்தாச்சு. ஆனால் வேலை, பள்ளிக்கூடம், பழகின சனம் எல்லாம் பல கிலோமீட்டர் தள்ளி. வீடு கொடுப்பது வேறு, குடியேற்றுவது வேறு. அறுபதுகளில் எல்லாம் சரியா நடந்துச்சுன்னு நான் சொல்லல. ஆனா வீட்டோடு சேர்த்துக் கடையும் கடனும் கொடுக்கணும்ங்கிற யோசனையாவது இருந்துச்சு. ரெப்கோ அந்த யோசனையின் மிச்சம்.

குடியேறிய பிறகும் கதை முடியல. எந்தத் தொழிற்சாலைகள் அந்தப் பகுதிக்குச் சோறு போட்டதோ, அதே தொழிற்சாலைகளின் புகையும் கழிவும் அங்கேதான் சேருது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை நெருங்குகிற நேரத்தில், கோரமண்டல் உர ஆலைக்காகக் கடலுக்கடியில் போட்டிருந்த குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் மக்கள் மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஆலையை மூடச் சொல்லி அந்தப் பகுதி மக்கள் மாதக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

ஒரு நாட்டில் கடையையும் பணத்தையும் இழந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், இங்கே சுவாசிக்கிற காற்றுக்காக வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. ஆனா இந்தத் தடவை அவங்க கப்பல் ஏறல. ‘இது எங்க ஊரு, ஆலைதான் போகணும்’னு சொன்னாங்க. ரேஷன் கார்டு, பட்டா, வாக்காளர் அட்டை எதையும்விட, ஒருத்தர் ஒரு ஊரில் குடியேறிட்டார் என்பதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும்னு எனக்குத் தோணுது.

பீச் ஸ்டேஷன் பக்கம் போனா ஒரு பிளேட் அத்தோ சாப்பிடுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.