கொண்டாட்டமும் கல்வெட்டும்

ஸ்பெயின் நாட்டு மெரிதா நகரம், ஓய்வு பெற்ற படைவீரர்களைக் குடியமர்த்துவதற்காகப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 25ல் நிறுவியது. அத்தொன்மையைப் போற்றி நகரத்தார் ஆண்டுதோறும் எடுக்கும் 'எமெரிதா லூதிகா' விழாவைக் காணச் சென்றிருந்தோம். ரோமானிய உடையணிந்த ஆடவரும் பெண்டிரும், கேடயம் ஏந்திய சிறுவரும் தெருக்களை நிறைத்திருந்தனர்.

ஆனால் நதியின் பெயர் வேறொரு காலத்தையும் சொல்கிறது. ரோமானியர் 'ஆனாஸ்' என்றதை அரபிகள் 'வாதீ ஆனா' என்றனர்; அதுவே இன்று 'குவாதியானா'. ரோமானியப் பாலத்தின் நகர்ப்புற முனையில் நிற்கும் கோட்டையை, ஹிஜ்ரி 220ல் (கி.பி. 835) குர்துபா அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் பழைய ரோமானியக் கற்களைக் கொண்டே எழுப்பினார்.

பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்கும் அதன் அரபுக் கல்வெட்டு, கீழ்ப்படிந்தோருக்கான புகலிடம் இது என்கிறது. கீழ்ப்படியாதோர் யார்? அமீரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த இந்நகரத்தாரே. அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களை அடக்கி வைக்கவே இக்கோட்டை எழுந்தது. விழாவில் அமீருக்கு இடமில்லையே என வருந்துவோர் இதையும் மறைக்கலாகாது. விழா தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கலாம். வரலாறு எழுதுவோர்க்கு அவ்வுரிமை கிடையாது.