பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்: நிலம் மீட்கப்பட்ட வரலாறு

சென்னைக்குத் தெற்கே, வேளச்சேரிக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இடைப்பட்ட சதுப்புநிலம். ஊர்வழக்கில் கழிவெளி. பெரும்பாலான குறிப்புகள் இதை நன்னீர் நிலம் என்றே வகைப்படுத்துகின்றன. ஒரு பகுதியில் உவர்ப்பு கலந்திருப்பதையும் அவை சொல்லத் தவறுவதில்லை. சுமார் 250 சதுர கி.மீ. பரப்பிலுள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது.

பழங்காலச் செய்திகள் மிகக் குறைவு. ஆங்கிலேயர் கால வருவாய்ப் பதிவேடுகள் இதைப் பயனற்ற புறம்போக்காகவே வைத்திருந்தன. பின்னாளில் நேர்ந்த இழப்புக்கு அந்தப் பதிவே வழி திறந்துவிட்டது.

1960களில் சதுப்பின் பரப்பு 50 சதுர கி.மீ.க்கு மேல் இருந்ததாகப் பலரும் எழுதுகின்றனர். சுற்றியுள்ள ஏரிகளையும் வயல்களையும் சேர்த்த கணக்காகவும் இது இருக்கலாம். நூற்றாண்டு முடிவதற்குள் அதில் பத்தில் ஒரு பங்களவே எஞ்சியது. பெருங்குடியில் மாநகராட்சியின் குப்பைமேடு உயர்ந்தது. சாலைகளும் ரயில் பாதையும் வந்தன. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற வளாகங்கள் எழுந்தன. தொடர்ந்து அடுக்குமாடிகளும் கணினி நிறுவனங்களும் நெருங்கின.

அதிக ஆவணங்கள் கிடைப்பது 2000க்குப் பிந்தைய பத்தாண்டுகளுக்குத்தான். குப்பைப் புகையில் மூச்சுத் திணறிய குடியிருப்போர் நலச்சங்கங்கள் திரண்டன. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்காகக் கேர் எர்த் அமைப்பு நடத்திய ஆய்வு, 115 பறவைகள், 46 மீன்கள், 21 ஊர்வன, 114 தாவரங்கள் உட்பட 337 உயிரினங்களைப் பட்டியலிட்டது. பறவை நோக்குவோரின் பிந்தைய பட்டியல்கள் இதைவிட நீளமானவை. எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறது. பட்டியலில் தனித்துச் சொல்லத்தக்கது நீளவால் இலைக்கோழி. மிதக்கும் இலைமேல் முட்டையிட்டதும் பெட்டை வேறு சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் சேவலின் பொறுப்பு. நீண்ட விரல்களை அகல விரித்து, இலை அமிழாமல் அது அடியெடுத்து வைப்பதை வேளச்சேரி–தாம்பரம் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். அது வாழ ஆழமில்லாத, நீர்த்தாவரம் மண்டிய நீர் வேண்டும். மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் அது கூடு வைப்பதில்லை.

2007இல் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. இங்கே நிலத்தை விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. பெரும்பகுதி ஏற்கெனவே அரசுடையது. வருவாய்த் துறையிடமும் மாநகராட்சியிடமும் இருந்ததை வனத்துறைக்கு மாற்றுவதே வேலை. அது துண்டு துண்டாகத்தான் நடந்தது. காப்புக்காடு இப்போது ஏறத்தாழ 700 எக்டேர்.

இதற்கு இணையான முன்னுதாரணம் நெதர்லாந்தில் உண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரம் தன் குப்பையை நார்டர்மேர் ஏரியில் கொட்ட நினைத்தபோது எதிர்ப்பு கிளம்பியது. 1905இல் அதற்கென்றே ஒரு சங்கம் தோன்றி, அடுத்த ஆண்டு ஏரியை விலைக்கே வாங்கிவிட்டது. அங்கே குப்பை வருவதற்கு முன்பே நிலம் கைமாறியது. பள்ளிக்கரணையில் குப்பை முந்திக்கொண்டது. கேரளம் வேறு வழியில் சென்றது: 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் தனியார் வயலையும் நிரப்பத் தடை விதிக்கிறது. திருவனந்தபுரத்திலுள்ள வெள்ளாயணி ஏரியைச் சுற்றிய நெல்வயல்களுக்கும் அது பொருந்தும். பள்ளிக்கரணையைச் சுற்றிய பட்டா நிலங்களுக்கு அத்தகைய தனிச் சட்டம் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை மூழ்கியபின், சதுப்பு எவ்வளவு நீரைத் தாங்கக்கூடும் என்ற பேச்சு பொதுவெளிக்கு வந்தது. 2022இல் 1,247.54 எக்டேர் ராம்சர் தலமாக அங்கீகரிக்கப்பட்டது. இந்த எல்லைக்குள் காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கும் பட்டா, வருவாய் நிலங்களின் நிலை இன்னும் தெளிவாகவில்லை. 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கி.மீ. வரையிலும் புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாதென இடைக்காலமாக உத்தரவிட்டது. பெருங்குடிக் குப்பையை அகழ்ந்து பிரிக்கும் பணியும் நடந்துவருகிறது.